வேனில் ஏறிய கொடி

1

போன மாதம் எங்கள் வீட்டு மாடியில் ஒரு மாணவர் சங்கம் உடையப் பார்த்தது. உடைக்கப் பார்த்தவர்களில் ஒருத்தி என் மகள். அதனால் மலேசிய வாசகர்களுக்கு நான் எழுதும் இந்தப் பத்தியில் இந்த முறை வெயிலைப் பற்றியும் கோயில் திருவிழாவைப் பற்றியும் எழுதாமல் இதையே எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. நான் மலேசியாவில், புக்கிட் மெர்தாஜத்தில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் ஏழுமலை, சென்னைக்கு மேற்கே திருப்பெரும்புதூரை ஒட்டிய மண்ணூர்க்காரர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர், என்னைக் கல்யாணம் செய்துகொண்டு சில வருஷம் அங்கேயே இருந்தார். ஒரகடம் பக்கம் பெரிய ஆலைகள் வரிசையாக வந்ததும், “எங்க வூட்டு வாசல்லயே வேல கீது சரசு, இங்க இன்னாத்துக்கு?” என்று கிளம்பிவிட்டார். எங்கள் ஒரே மகள் பிரவீணா அப்போதுதான் பாலர் பள்ளி முடித்திருந்தாள். இப்போது தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

பிறைத் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் பாதி தெரிந்த மாதிரிதான். அதே மாதிரி கம்பெனிப் பேருந்துகள், அதே மாதிரி கழுத்தில் அட்டை தொங்கும் கூட்டம், சாலையோரம் உறங்கும் கண்டெய்னர் லாரிகள். தமிழ்தான் வேறு. வந்த புதிதில் வீட்டுக்கு வந்த கணவரின் தாய்மாமனிடம் தேநீர் போடட்டுமா என்பதை நம் வழக்கப்படி, “மாமா, தண்ணி கலக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் திடுக்கிட்டு மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பட்டப்பகல்லயாம்மா?” என்றார். இங்கே தண்ணி என்றால் சாராயம். இன்றைக்கும் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அந்தக் கதை ஒரு சுற்று வந்துவிடும்.

பிரவீணாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவள் வாயைத் திறந்தால் ‘இன்னா’வும் ‘கீது’வும்தான். புக்கிட் மெர்தாஜத்தில் இருந்து என் அக்கா தொலைபேசியில் பேசும்போது, “உன் மக பேசுறது எனக்கு ஒண்ணும் விளங்கல சரசு” என்பாள். நான் சிரித்துக்கொண்டே மொழிபெயர்ப்பேன். சிரிப்பு முழுச் சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

2

சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டலம் சுற்றியுள்ள கல்லூரிகளில் படிக்கும் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் தாங்களாகவே சேர்ந்து நடத்துவது அது. எந்தக் கட்சியின் மாணவர் அணியும் இல்லை. கல்லூரி நிர்வாகம் வைத்ததும் இல்லை. அது பிறந்ததே ஒரு பேருந்துக்காக.

மாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டவுன் பஸ்கள் ஆலைக்காரர்களால் பிதுங்கி வரும். கல்லூரி நிறுத்தத்தில் நிற்காமலே போய்விடும். பெண் பிள்ளைகள் சர்வீஸ் ரோட்டில், நிறுத்தி வைத்த லாரிகளுக்கு நடுவே, இருட்டும் நேரத்தில் நடந்து வர வேண்டும். அதற்குப் பயந்து படிப்பையே விட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

லோகேஷ் என்று ஒரு பையன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அப்பா ஒரு ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஏழுமலைக்கு ஊர் முறையில் மகன் ஆக வேண்டும், அதனால் என்னைச் சித்தி என்பான். அவன்தான் அலைந்து திரிந்து ஒரு பழைய வேனைப் பேசி, ஓட்டுநரைப் பிடித்து, ஆய்வக வகுப்பு முடிகிற நேரத்துக்குப் பெண்களை ஏற்றி ஒவ்வொரு ஊராக இறக்கிவிட ஏற்பாடு செய்தான். சங்கத்துக்கு அவன் தலைவர் ஆனது அப்படித்தான். பிரவீணா செயலாளர். சண்டை வரும்வரை இரண்டு பேரும் ஒரு வேலையை ஆளுக்குப் பாதியாகச் செய்கிறவர்கள்.

கூட்டம் போட எங்கள் மாடியைக் கேட்டதும் லோகேஷ்தான். “யார் வூட்ல போட்டாலும் இன்னொருத்தன் வர மாட்டான் சித்தி. ஊர்க்காரன் வூடுன்னா காலனிப் பசங்க தயங்குவாங்க, காலனின்னா இவங்க வரமாட்டாங்க. உங்க வூடு மலேசியாக்காரங்க வூடு. அது பொது எடம்” என்றான். எந்தப் பக்கமும் சேராத வீடு. அன்றைக்கு அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

3

சட்டமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். லோகேஷின் தாய்மாமன் ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். வேட்பாளரை வரவேற்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன்களைச் சங்கத்து வேனில் ஏற்றி, முன்னால் கட்சிக் கொடியைக் கட்டிக்கொண்டு லோகேஷ் திருப்பெரும்புதூர் போய்வந்தான். திங்கட்கிழமை கொடியை அவிழ்க்க மறந்தானா, மனம் வரவில்லையா தெரியாது. அதே கொடியோடு வேன் கல்லூரி வாசலில் போய் நின்றது.

என் மகளும் சும்மா இருக்கவில்லை. சுயேச்சையாக நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கூட்டத்தில் பேருந்து பற்றிப் பேசியதைப் பதிவு செய்து, சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டு, ‘நம் சங்கத்தின் ஆதரவு இவருக்கே’ என்று எழுதிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலை அந்தோணி என்பவர் தன் மகளைக் கூட்டிப்போகத் தங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றிருந்தார். அவர் மகள் ஸ்டெல்லா முதலாம் ஆண்டு. வேன் கொடியோடு வருவதைப் பார்த்ததும் மறுநாள் முதல் அதில் ஏறக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். “நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் எவனாச்சும் கல்லு உட்டா எம் பொண்ணு மேலதான் வுழும். வண்டிய நம்பி அனுப்பினேன், கட்சிய நம்பி இல்ல” என்று ஓட்டுநரிடம் சொன்னாராம். மற்ற பெற்றோரும் அதையே செய்தார்கள். அந்த வாரக் கடைசியில் வேனில் ஏற ஆளே இல்லை.

சனிக்கிழமை காலை மாடியில் கூட்டம். நான் தேநீர் தட்டோடு படியேறும்போதே சத்தம் கேட்டது.

“வேன நான் கொண்டாந்தேன். ஒரு நாள் கொடி கட்டினா இன்னா இப்ப?” இது லோகேஷ்.

“நீ கொண்டாந்தது சங்கத்துக்கு. உங்க மாமாவுக்கு இல்ல” என்றாள் பிரவீணா.

“நீ மட்டும்? நம் சங்கத்தின் ஆதரவுன்னு குரூப்புல போட்டியே, யார கேட்டுப் போட்ட?”

“அவங்க நம்ம பஸ்ஸப் பத்திப் பேசினாங்க.”

“எங்காளுந்தான் பேசினாரு.”

“எப்ப? போன எலெக்‌ஷன்லயா?”

பையன்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். லோகேஷின் முகம் மாறியது. எழுந்து நின்றான்.

“உனக்கு ஓட்டே கெடையாது. மலேசியா பாஸ்போர்ட்ட வெச்சிக்கினு எங்க ஊர் எலெக்‌ஷன்ல நீ இன்னா பேசற?”

நான் தட்டோடு படி வாசலில் நின்றேன். லோகேஷ் என்னைப் பார்த்தான், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். பிரவீணா என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனாள். தன் வீட்டில் நடக்கும் கூட்டத்திலிருந்து அவளே வெளியேறினாள். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். தேநீரை யாரும் தொடவில்லை.

4

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எனக்கும் அவளுக்கும் மலேசியக் கடவுச்சீட்டு. இங்கே காலமெல்லாம் தங்கிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். படிக்கலாம், வேலை பார்க்கலாம், ஓட்டுப் போட முடியாது.

அந்த அட்டை வாங்க நாங்கள் பட்ட பாடு தனி. நம் பெயர்களில் ‘ஏ/பி’ என்று வருமே, இன்னாரின் மகள் என்று மலாயில் சுருக்கி எழுதுவது, அது இங்கே எந்த அலுவலகத்திலும் விளங்காது. ஒரு குமாஸ்தா என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏ.பி.ன்னா ஆந்திராவாம்மா? அங்கயே பதிவு பண்ணணும்” என்றார். ‘ஆனாக் பெரம்புவான்’ என்று நான் விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு ‘ஆனாக்’ என்பதை என் இனிஷியல் பெட்டியில் எழுதப் போனார். பிரவீணா அப்போது சின்னப் பிள்ளை. பெஞ்சில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு எங்களுக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது.

கூட்டம் கலைந்த அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி அவள் கேட்டாள், “அம்மா, நான் இந்த ஊர்க்காரியா இல்லியா?”

அவளே தொடர்ந்தாள். “அந்தப் பாஸ்போர்ட்ட குடுத்துட்டு நான் இங்கயே குடியுரிமைக்கு எழுதிக் குடுத்துட்றேன்.”

நம் மலேசியாவில் இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அதற்குப் பிறகு அவள் பிறந்த ஊருக்கு, என் அம்மா இருக்கும் ஊருக்கு, அவள் சுற்றுலா வந்தவளாகத்தான் இறங்க வேண்டும். “யாரோ ஒரு பையன் சொன்னதுக்காகச் செய்ற காரியமா அது?” என்று மட்டும் கேட்டேன்.

“யாரோ பையன் இல்லம்மா. லோகேஷு” என்றாள். அதுதான் அவளுக்கு வலி.

வேலை முடிந்து வந்த ஏழுமலையிடம் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அவன் வாய் அப்டி. மனசு வேற” என்றார்.

“வாய்தாம்பா வெளிய கேக்குது” என்றாள் பிரவீணா.

எனக்கு அன்று முழுவதும் என் பல்கலைக்கழக நாட்கள் ஞாபகம் வந்துகொண்டிருந்தன. எங்கள் காலத்தில் மாணவர்கள் அரசியல் பக்கம் போகக் கூடாது. சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஆனாலும் வளாகத் தேர்தல் உண்டு. எங்கள் இந்தியர் பண்பாட்டுக் கழகத்தில் ஒரு வருஷம் இரண்டு அணி ஆனார்கள். ஓர் அணி நிர்வாகத்துக்கு வேண்டியவர்களை ஆதரித்தது, இன்னோர் அணி எதிர்த்து நின்றவர்களை. கழகத்தின் பெயரைப் போட்டு இரண்டு அணியும் சுவரொட்டி ஒட்டின. மாணவர் விவகாரப் பிரிவில் இருந்து இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டார்கள். யார் சரி, யார் தவறு என்று ஒருவரும் கேட்கவில்லை. கழக அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். சத்தம் அடங்கியது. அந்த வருஷம் பொங்கல் விழாவும் நடக்கவில்லை.

பல வருஷம் கழித்து ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் அந்த இரண்டு தலைவர்களையும் பார்த்தேன். இருவரும் மண்டபத்தின் இரண்டு ஓரத்தில் இருந்தார்கள். தனித்தனியாக என்னிடம் வந்து, “அவன் எப்படி இருக்கான்? பிள்ளைங்க எத்தனை?” என்று ஒருவரைப் பற்றி ஒருவர் விசாரித்தார்கள். பத்தடி நடந்து போய்க் கேட்க இருவருக்கும் முடியவில்லை.

அதனால்தான், கல்லூரியில் ஒரு பேராசிரியர், “தேர்தல் முடியும் வரை சங்கத்தையே கலைத்துவிடுங்கள்” என்று சொன்னதாகக் கேள்விப்பட்டபோது எனக்குக் கவலையாகிவிட்டது. பையன்களில் சிலருக்கு அது நல்ல வழியாகவே தோன்றியிருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டெல்லா அப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாடிக் கூட்டங்களில் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண். அந்தோணி கேட்டுக்கு வெளியிலேயே வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டார்.

“ஆன்ட்டி, இன்னைக்கு சாயங்காலம் எல்லாரையும் கூப்ட்டு கீறேன். மாடி வேணும்.”

“நான் இதுல தீர்ப்புச் சொல்ல முடியாதும்மா. நானே வெளிநாட்டுக்காரி” என்றேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் ஆன்ட்டி. மாடிய மட்டும் தொறந்து உடுங்க.”

திறந்துவிட்டேன். எல்லோரும் வந்தார்கள். லோகேஷும் வந்தான். தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தான். பிரவீணாவை நான் வற்புறுத்தவில்லை. ஸ்டெல்லாதான் அவள் அறைக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நான் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஸ்டெல்லா நின்றுகொண்டே பேசினாள். “லோகேஷ் அண்ணா, பிரவீணா அக்கா, நீங்க எந்தக் கட்சிக்கு வேணா போங்க. ஒரு வாரமா நான் லேப்ப பாதில உட்டுட்டு ஓடறேன். மார்க் போடறவரு உங்க ரெண்டு பேரு சண்டையப் பாத்தா மார்க் போடுவாரு?”

ஒரு பையன் எழுந்தான். “அதான், எலெக்‌ஷன் முடியற வரைக்கும் சங்கத்துல யாருமே எந்தக் கட்சிக்கும் போகக் கூடாதுன்னு ரூல் போட்டுடலாம்.”

பலரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தப் பூட்டின் சத்தம் கேட்டது போல இருந்தது. மறுத்தவள் ஸ்டெல்லாவே.

“அதெப்டி? எனக்கு இது முதல் ஓட்டு. எங்க தெருவுல நானும் நோட்டீஸ் குடுக்கப் போறேன்.”

“நீயா? யாருக்கு?” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“அத இங்க சொல்ல மாட்டேன். வேன்லயும் சொல்ல மாட்டேன். எங்க தெருவுலதான் சொல்வேன்.”

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். சங்கம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்காது, எதிர்க்கவும் செய்யாது. உறுப்பினர்கள் யாருக்கு வேண்டுமானாலும் வேலை செய்யலாம், அவரவர் பெயரில். வேன், வாட்ஸப் குழு, சங்கத்தின் பெயர் மூன்றையும் அதற்குத் தொடக் கூடாது. இதுவரை சண்டை இல்லாமல் வந்துவிட்டார்கள். பொறுப்பில் இருப்பவர் பிரசாரத்துக்குப் போனால் வாக்கு எண்ணி முடிகிற வரை பொறுப்பை விட்டு இறங்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னபோதுதான் லோகேஷ் வாய் திறந்தான்.

“நான் எறங்கினா வேன யாரு பாத்துப்பாங்க? டிரைவர் அண்ணன் என் போன மட்டுந்தான் எடுப்பாரு.”

அதில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது. தான் பெற்ற பிள்ளையை யாரோ தூக்கிப் போவது போன்ற பயம். அங்கிருந்த எல்லோருக்கும் அது புரிந்தது என்று நினைக்கிறேன்.

ரூல் போடலாம் என்று முதலில் சொன்ன பையனே, “பிரவீணாதான் பிரசாரத்துக்குப் போகவே முடியாதே. அவ பொறுப்புல இருக்கட்டும், எல்லாத்தையும் அவளே பாத்துக்கட்டும்” என்றான்.

லோகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரவீணா நினைத்திருந்தால் அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் அவள் கைக்கு வந்திருக்கும். அவள் தலையை அசைத்தாள்.

“நானும் எறங்கறேன். எனக்கு ஓட்டு இல்லதான். ஆனா நான் ஒரு பக்கம் சாஞ்சிட்டேன், எல்லாருக்கும் தெரியும். குரூப்புல நான் போட்டத எடுத்துட்றேன். கேக்காம போட்டது தப்பு.”

லோகேஷ் நிமிர்ந்து பார்த்தான். கூட்டம் முடியும்போது வேன் பொறுப்பு ஸ்டெல்லாவிடமும் இன்னொரு பையனிடமும் போயிருந்தது. கீழே இறங்கும்போது லோகேஷ் ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொண்டே போனான். “மண்ணூர் கூட்ரோட்ல நிக்கச் சொல்லி ரெண்டு வாட்டி சொல்லணும். இல்லன்னா அவரு பாட்டு கேட்டுக்கினே தாண்டிப் போய்டுவாரு. மழை வந்தா பின்னாடி சீட்டு ஒழுகும், முன்னாடியே ஏறிக்க.”

மறுநாள் மாலை அந்தோணி கல்லூரி நிறுத்தத்துக்கே வந்து வேனைச் சுற்றி ஒரு நடை பார்த்துவிட்டு மகளை ஏற்றிவிட்டார். அந்த வாரத்துக்குள் மற்ற பெண்களும் வந்துவிட்டார்கள்.

லோகேஷ் என் மகளிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சங்கம் பிழைத்துவிட்டது, இந்த இரண்டு பேர் பிழைக்கவில்லை என்று நினைத்தேன்.

6

இதை எழுதும்போது வாக்குப்பதிவுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. காலையில் ஒரு ஆட்டோ, மாலையில் ஒரு ஆட்டோ என்று ஒலிபெருக்கிகள் தெருவைச் சுற்றுகின்றன. விலாச மாற்றத்துக்காக வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் போயிருந்தபோது, என் மகள் போன்றவர்கள் பிரசாரத்தில் எந்த அளவு கலந்துகொள்ளலாம் என்று கேட்டேன். அங்கிருந்தவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “எதுக்கும்மா வம்பு?” என்றார். எனக்குக் கிடைத்த சட்ட ஆலோசனை அவ்வளவுதான். கடவுச்சீட்டைப் பற்றி பிரவீணா மறுபடி பேச்செடுக்கவில்லை. முடிவு அவளுடையது. அவள் கேட்கும் நாளில் என் மனதில் இருப்பதைச் சொல்வேன்.

நேற்று மத்தியானம் லோகேஷின் கட்சிக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர், தோளில் துண்டு. கேட்டருகே வந்தது லோகேஷ்.

“சித்தப்பா இல்லியா சித்தி?”

“செகண்ட் ஷிஃப்ட் போயிருக்காருப்பா.”

“வந்தா சொல்லுங்க” என்று ஒரு நோட்டீஸைக் கொடுத்தான். கும்பல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டது. இவன் நகரவில்லை. கூடத்து வாசலில் பிரவீணா நின்றிருந்தாள். இன்னொரு நோட்டீஸை எடுத்துக் கம்பிக்கு மேலாக நீட்டினான்.

“இந்தா. இது உனக்கு.”

“எனக்கு எதுக்கு? எனக்குதான்...”

“தெரியும். படி. பஸ்ஸு மேட்டர் கீது பாரு. நான்தான் சண்ட போட்டு சேக்க வெச்சேன்.”

அவள் வந்து வாங்கினாள். நின்றபடியே படித்தாள். அவள் புருவம் சுருங்குவதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“பரிசீலிக்கப்படும்னு போட்டு கீது. பரிசீலிக்கப்படும்னா இன்னா அர்த்தம் லோகேஷு? வரும்னு போட வேண்டியதுதான?”

“அப்டியெல்லாம் போட உட மாட்டாங்க.”

“அப்ப எந்த நேரத்துக்குன்னாவது போடணும். காலைல பஸ் உட்டுட்டு நாங்களும் பரிசீலிச்சோம்னுவாங்க. நமக்கு வேணும்னது சாயங்காலம்.”

“அது... அதச் சொல்லல நான்” என்று தலையைச் சொறிந்தான்.

இரண்டு வீடு தள்ளியிருந்து யாரோ கத்தினார்கள். “டேய் லோகேஷு, அந்த வூட்ல ஒரே ஓட்டுதான்டா! அவரும் இல்ல. வா!”

“இருங்க, பேசிக்கினு கீறேன்ல” என்று திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னான். பிறகு பிரவீணாவிடம், “சரி சொல்லு. இன்னான்னு எழுதியிருக்கணும்? நைட்டு அடுத்த நோட்டீஸு அடிக்கறாங்க” என்றான்.

பிரவீணா கேட்டின் கொக்கியை எடுத்தாள்.

“வெயில்ல நிக்காத, உள்ள வா. பேனா எடுத்துக்கினு வரேன்.”